கிட்டாரின் லாக்கர் பூச்சில் டேப் பசை, நெக்கில் பிசுபிசுப்பு: எதைப் போட்டுத் துடைப்பது?

முத்துநகர் ஜி கார்டு:

எல்லோருக்கும் வணக்கம். கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் அமெரிக்காவில் இறங்கியபோது செகண்ட் ஹேண்டில் ஒரு கிப்சன் ஜே-45 கிட்டார் வாங்கிவந்தார். வாசிக்க அவருக்கு நேரம் இல்லை, அதனால் இப்போது என் கையில் இருக்கிறது. சன்பர்ஸ்ட் நிறம். சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. பிரச்சினை மேலே இருக்கும் பிசுக்குதான்.

முன்பு வைத்திருந்தவர் பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வயரை வெளியே ஓட்டி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை பக்கத்தில் ஒரு கிளிப்பை ஸ்பாஞ்ச் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். கிளிப் எப்போதோ விழுந்துவிட்டது. ஸ்பாஞ்சும் பசையும் தீப்பெட்டி அகலத்துக்கு அப்படியே நிற்கின்றன. பக்கவாட்டில் பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டிய தடம் ஒன்று, தூசியும் நூலும் ஏறிக் கறுத்துவிட்டது. மூன்றாவதுதான் எனக்குப் புரியவில்லை. நெக்கின் பின்னால், கம்பி முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே, சுவர் ஹேங்கரின் ரப்பர் படும் இடத்தில் விரல் வைத்தால் ஒட்டுகிறது. அங்கே யாரும் டேப் ஒட்டிய மாதிரி தெரியவில்லை.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கள் பாடகர் குழு கீபோர்டு அண்ணன் பெயின்ட் கடைத் தின்னர் என்கிறார். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தருகிறேன் என்கிறான். அத்தை, எவர்சில்வர் பாத்திர ஸ்டிக்கரையெல்லாம் நீலகிரித் தைலம் போட்டுத்தான் எடுப்பேன் என்கிறார். என் மனைவி தேங்காய் எண்ணெய் போதும் என்கிறாள். இதுவரை எதையும் போடவில்லை. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குள் சரிசெய்ய வேண்டும். எது பாதுகாப்பானது?

மூணாவது ஃப்ரெட்:

இவ்வளவு யோசிக்க வேண்டாம் பிரதர். என் யமஹாவில் கல்லூரி ஸ்டிக்கர் ஒன்று வருடக்கணக்கில் இருந்தது. தங்கையின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பு, பளிச்சென்று ஆகிவிட்டது. பாலிஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. அஞ்சு நிமிஷ வேலை.

பெரம்பூர் பட்டறை:

தம்பி, மேலே சொன்னதை உங்கள் கிட்டாரில் செய்துவிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய யமஹாவில் இருப்பது பாலி வகைப் பூச்சு. உங்கள் ஜே-45ல் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பளபளப்பு, உள்ளே வேறு வேறு.

நான் கிட்டார் பழுது பார்ப்பதற்கு முன்னால் மரச்சாமான் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன். அந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான். பாலியூரித்தேன், பாலியெஸ்டர் எல்லாம் காயும்போது ரசாயன மாற்றம் நடந்து இறுகிவிடும். அதற்கப்புறம் தின்னர் ஊற்றினாலும் சுலபத்தில் கரையாது. நைட்ரோ அப்படி இறுகுவதில்லை. அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போகிறது, பூச்சு மிச்சமாக நிற்கிறது, அவ்வளவுதான். போன கரைப்பானை ஐம்பது வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து தொட்டாலும் பூச்சு மறுபடி கரையும். பழுது பார்க்கிறவனுக்கு இதுதான் வசதி: கீறலில் புது லாக்கர் விட்டால் பழையதோடு உருகிச் சேர்ந்துவிடும். துடைக்கிறவனுக்கு இதுதான் ஆபத்து.

பெயின்ட் கடையில் என்.சி. தின்னர் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த என்.சி. நைட்ரோசெல்லுலோஸ்தான். உங்கள் கிட்டாரின் பூச்சைக் கரைப்பதற்கென்றே செய்த திரவம். டிங்கரிங் பட்டறைகளில் இன்றும் டூகோ பெயின்ட் என்பார்கள். அது 1920களில் டூபான்ட் கம்பெனி கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோ லாக்கரின் பெயர். ஃபெண்டர் கம்பெனியும் அந்தக் காலத்தில் அதே கார் பெயின்டைத்தான் கிட்டாருக்கு அடித்தது. ஆகவே கீபோர்டு அண்ணனின் தின்னர் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருக்கும், அதுவும் வேண்டாம். அசிட்டோன் இல்லாதது என்று எழுதிய பாட்டிலும் வேண்டாம். அதில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஐசோபுரொப்பைல் மொபைல் போர்டுக்கு நல்லது. நைட்ரோவில் பட்டால் உடனே உருகி ஓடாது, ஆனால் மேல்தோல் இளகி மங்கிப்போகும். 2020க்கு அப்புறம் எத்தனை நெக் மங்கி என்னிடம் வந்தது தெரியுமா! கைக்கு சானிடைசர் போட்டுக்கொண்டு, காயும் முன்னே கிட்டாரைப் பிடித்திருப்பார்கள். நீலகிரித் தைலம் பாத்திரத்துக்குப் பிரமாதம். எவர்சில்வருக்கு இழக்க ஒன்றும் இல்லை. லாக்கருக்கு அது கடுமையான சரக்கு, இளக்கிவிடும். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த ஸ்டிக்கர் ரிமூவர்களும் அதே கணக்குதான், ஊறவிட்டால் வம்பு.

நான் பயன்படுத்துவது நாஃப்தா. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். சிப்போ லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல் என்று கேட்டால் கிடைக்கும், ஆன்லைனிலும் உண்டு. கேஸ் லைட்டருக்கு அடைக்கும் பியூட்டேன் டப்பாவை வாங்கிவந்துவிடாதீர்கள். நாஃப்தா நன்றாகக் காய்ந்த நைட்ரோவை ஒன்றும் செய்யாது, பாலியையும் செய்யாது. ரப்பர் பசை, எண்ணெய், பிசுக்கு எல்லாவற்றையும் இளக்கும். மிச்சம் வைக்காமல் பறந்துவிடும். அது கிடைக்காவிட்டால் பெயின்ட் கடை மினரல் டர்பன்டைன் பரவாயில்லை. மெதுவாக வேலை செய்யும், லேசாக எண்ணெய்ப் படலம் விடும், இன்னொரு தடவை துடைக்க வேண்டும். வண்டிக்குப் போடும் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். இப்போது நம் ஊர் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஆல்கஹால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதை எப்படி விடுவது?

தொடங்கும் முன் கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லாக்கரில் தலைமுடி மாதிரி விரிசல்கள் ஓடுகின்றனவா? குளிரிலிருந்து சட்டென்று வெப்பத்துக்கு வந்த கிட்டார்களில் இது சகஜம். இருந்தால் அந்த இடத்தில் எந்தத் திரவத்தையும் தேங்கவிடக் கூடாது, விரிசல் வழியாக மரத்துக்குள் போய்விடும். அப்புறம் ஹெட்ஸ்டாக்கில் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) மூடி இருக்கிறதே, இரண்டு ஸ்க்ரூ, அதைக் கழற்றுங்கள். மூடி மறைக்கும் இடத்தில் லாக்கர் இருக்கும். துணி நுனியில் நாஃப்தா தொட்டு அங்கே தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறாமல், லாக்கர் இளகாமல் இருந்தால் மற்ற இடத்துக்குப் போகலாம். முன்பு வைத்திருந்தவர் எதையாவது பூசி வைத்திருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

துணிக்கு நான் வெள்ளை பனியன் வேஸ்ட்தான் வாங்குவேன். தையலும் எலாஸ்டிக்கும் வரும் துண்டுகளைக் கழித்துவிடுவேன். பலதடவை துவைத்த பழைய வேட்டி அதைவிட நல்லது. முதலில் ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். மணல் துகள் ஒன்று மாட்டினால் பசை போகும், கீறல் வரும். ஈரம் காய்ந்ததும் பேக்கிங் டேப் தடத்தில் தொடங்குங்கள், அதுதான் சுலபம். நாஃப்தாவைத் துணியில் விட வேண்டும், கிட்டாரில் ஊற்றக் கூடாது. தடத்தின் மேல் துணியை அரை நிமிடம் வைத்திருங்கள், பிறகு அழுத்தாமல் ஒரே பக்கமாக இழுங்கள். துணி கறுத்ததும் மடித்து வேறு பக்கம் எடுங்கள். அதே பக்கத்தால் தேய்த்தால் பசையை இடம் மாற்றி வைக்கிறீர்கள், எடுக்கவில்லை.

ஸ்பாஞ்ச் டேப்பில் பொறுமை வேண்டும். அதன் பசை பெரும்பாலும் அக்ரிலிக். நாஃப்தாவில் கரையாது, ஊறி உப்பும். ஸ்பாஞ்சை முதலில் பல் இடுக்கு நூலால் இப்படியும் அப்படியும் இழுத்து அறுத்து எடுங்கள். பிளேடு, ஸ்க்ரூடிரைவர் கிட்டேயே வரக் கூடாது. நல்ல கிட்டார்களில் லாக்கரின் கனமே சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே வெறும் ஸ்ப்ரூஸ் மரம். மிச்சத்தை ஈரப்படுத்தி, கொஞ்சம் காத்திருந்து, கட்டைவிரலால் உருட்டுங்கள். சின்னச் சின்ன உருண்டையாகக் கழன்றுவரும். கட்டியாக நின்றால் மெல்லிய நைலான் பிக்கைப் படுக்கையாக வைத்துத் தள்ளலாம். முன்பலகையில் கீறல் விழாமல் ஒட்டியிருக்கும் தகடு, அதாவது பிக்கார்டின் ஓரத்தில் நாஃப்தா புகக் கூடாது, அதை ஒட்டியிருப்பதும் ஒரு பசைதானே. ஹேர் டிரையர் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போட வேண்டாம், சூட்டில் பசைக்கு முன்னால் நைட்ரோ இளகிவிடும்.

உங்கள் மனைவி சொன்ன தேங்காய் எண்ணெய் தப்பான யோசனை இல்லை. பலாப்பழம் அறுக்கும்போது கையில் எண்ணெய் பூசிக்கொள்கிறோமே, பேக்கிங் டேப் பசைக்கும் அதே நியாயம்தான். லாக்கரைக் கெடுக்காது. ஆனால் விரிசலும் சிராய்ப்பும் இருக்கும் இடத்தில் எண்ணெய் மரத்தில் இறங்கிக் கறையாகிவிடும், பின்னால் லாக்கர் தொட்டுச் சரிசெய்ய வந்தால் ஒட்டாது. அதனால் முன்பலகையில் வேண்டாம்.

நாஃப்தா வேலையை மொட்டை மாடியிலோ திறந்த வராண்டாவிலோ செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்தி எதுவும் கூடாது. நைட்ரைல் கையுறை போட்டால் கைக்கு நல்லது. நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

நெக் விஷயம் வேறு மாதிரி இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். முதலில் இதையெல்லாம் முடியுங்கள். பிறகு நெக்கை ஒரே ஒரு தடவை நாஃப்தாவால் துடைத்து, இரவு முழுக்க விட்டு, காலையில் விரல் வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

நைலான் நரம்பு:

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிளாசிக்கல் கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நம்முடையது நைட்ரோவா பாலியா என்று மட்டும் பார்க்க வேண்டாம். கையால் செய்த ஸ்பானிஷ் கிட்டார்கள் பலவற்றில் இருப்பது அரக்குப் பாலிஷ், பிரெஞ்ச் பாலிஷ் என்பார்கள். நம் ஜார்க்கண்டில் எடுக்கும் அதே அரக்கு. அதில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விழுந்தாலே குழி விழும். நாஃப்தாவுக்கு அசையாது, என்னுடையதில் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

என் கிட்டாரில் பிசுக்கு வந்தது டேப்பால் இல்லை. கால்மேல் வைக்கும் சப்போர்ட்டின் சக்‌ஷன் கப், பக்கப் பலகையில் வட்ட வட்டமாகத் தடம் பதித்துவிட்டது. இப்போது கப்புக்கும் பலகைக்கும் நடுவில் ஷாமாய் தோல் துண்டு வைக்கிறேன். அண்ணே, அந்த வட்டங்களில் பிசுபிசுப்பு போய்விட்டது, தடம் மட்டும் போகவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கும் காம்பவுண்ட் போடலாமா?

பெரம்பூர் பட்டறை:

அரக்குப் பாலிஷில் காம்பவுண்டோடு விளையாட வேண்டாம். அதில் வல்லவர் யாராவது அரக்கும் பஞ்சுப் பொட்டலமுமாக நாலு இழுப்பு இழுத்தால் வட்டம் மறையும். சரியான ஆள் கிடைக்கும் வரை தடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

முத்துநகர் ஜி கார்டு:

அண்ணே, ரொம்ப நன்றி. மாடியில் உட்கார்ந்து செய்தேன். ட்ரஸ் ராட் மூடிக்கு அடியில் சோதித்ததில் துணி சுத்தமாகவே இருந்தது. பேக்கிங் டேப் தடம் நீங்கள் சொன்ன மாதிரி சுலபமாகப் போய்விட்டது. துணியில் வந்த கறுப்பைப் பார்த்து என் மனைவியே முகம் சுளித்தாள். ஸ்பாஞ்ச் டேப்தான் பெரும்பாடு. உருட்டி உருட்டிக் கட்டைவிரல் வலித்துவிட்டது, ஆனால் எல்லாம் வந்துவிட்டது.

இரண்டு கேள்வி. ஸ்பாஞ்ச் இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெளுப்பாகத் தெரிகிறது. கையால் தடவினால் வித்தியாசம் இல்லை, கண்ணுக்குத்தான் தெரிகிறது. இன்னும் பசை இருக்கிறதா? நெக்கைத் துடைத்தபோது நன்றாக இருந்தது. காலையில் பார்த்தால் மறுபடி பிசுபிசு. துணியில் லேசாகப் பழுப்பும் ஏறியது.

பெரம்பூர் பட்டறை:

வெளுத்த இடத்தில் பசை இல்லை, விட்டுவிடுங்கள். நைட்ரோ வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும். டேப் மறைத்த இடம் மஞ்சளாகவில்லை. அதைத் தேய்த்து எடுக்க நினைத்தால் மரம் வந்துவிடும். நாளாக ஆகக் கொஞ்சம் கலந்துவரும், முழுக்க மறையும் என்று சொல்ல மாட்டேன்.

நெக்கில் நான் சந்தேகப்பட்டதுதான். அங்கே லாக்கரின் மேல் பசை இல்லை, லாக்கரே பசையாகிவிட்டது. ரப்பர், வினைல், சில வகை ஃபோம் இவற்றையெல்லாம் மென்மையாக வைத்திருக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்ப்பார்கள். ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கும்போது அது மெதுவாக லாக்கருக்குள் இறங்கி அதையும் மென்மையாக்கிவிடும். நெக்கில் கம்பிகளை அழுத்த மாட்டும் கிளிப்பான கேப்போவை அப்படியே மாட்டி வைத்தாலும், வினைல் ஸ்ட்ராப்பைப் பெட்டிக்குள் கிட்டார் மேலே சுருட்டி வைத்தாலும் இதே கதிதான். கை வியர்வையும் இதைச் செய்யும். சிலருடைய வியர்வைக்கு லாக்கர் தாங்காது, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். பெட்டிக்குள் பூச்சி வராமல் இருக்கக் கற்பூரம் போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். செல்லுலாயிட் செய்ய நைட்ரோசெல்லுலோஸில் கலந்ததே கற்பூரம்தான், இளக்குவதற்கு.

இதைத் துடைத்து எடுக்க முடியாது. துடைக்கத் துடைக்க லாக்கர்தான் குறையும். அந்தப் பழுப்பு அதுதான். இனி நாஃப்தா போட வேண்டாம். ஹேங்கரிலிருந்து இறக்கி, நெக்கில் எதுவும் படாமல், காற்றோட்டமாக ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். உள்ளே போனது லேசாக இருந்தால் ஓரளவு இறுகும். மென்மையாக இருக்கும்போது காம்பவுண்ட் போட்டால் சகதியாகிவிடும், பொறுங்கள். இறுகினால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நைசான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து, மேல்தோலை மட்டும் லேசாக எடுத்து, சிலிக்கான் இல்லாத கார் பாலிஷால் பளபளப்பு ஏற்றலாம். இறுகவில்லை என்றால் அந்த அளவுக்குக் கெட்ட லாக்கரை எடுத்துவிட்டுப் புது நைட்ரோ அடிக்க வேண்டும். வீட்டு வேலை இல்லை அது. அடித்த பின் வாசம் போய்க் காய வாரக்கணக்கில் ஆகும், ஆகவே கேரலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை வாசிக்கலாமா என்றால் தாராளமாக. பிசுபிசுப்பு இருப்பது ஹெட்ஸ்டாக் கிட்டே, ஜி கார்டு பிடிக்கும்போது கட்டைவிரல் தொடலாம், சத்தத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் நெக்கைத் துடையுங்கள். மறுபடி ஹேங்கரில் மாட்டுவதாக இருந்தால் ரப்பர் மேல் பருத்தித் துணியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தைத்துவிடுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள். என்னைக் கேட்டால் பெட்டிதான் நல்லது.

மூணாவது ஃப்ரெட்:

அண்ணே, அப்போ என் யமஹாவுக்கு இனிமேல் நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாமா கூடாதா? இன்னும் ரெண்டு ஸ்டிக்கர் பாக்கி இருக்கு.

பெரம்பூர் பட்டறை:

பாலி பூச்சு தாங்கும். ஆனால் பிக்கார்டும் ஓரத்து பைண்டிங்கும் பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் உருகி நெளியும். ஹெட்ஸ்டாக் எழுத்து அழியும். பாக்கி இரண்டு ஸ்டிக்கர் எங்கே இருக்கின்றன?

மூணாவது ஃப்ரெட்:

ஒண்ணு பிக்கார்டு மேலயே. சரி, லைட்டர் பெட்ரோல் வாங்கிக்கிறேன்.